பனிக்குள் கூப்பிட்டவர்

யுத்தம் முடிந்தபின் புத்தளத்தில் நாங்கள் தொடங்கிய நடைக் குழு, மாதம் ஒருமுறை வேனில் மலைநாட்டுக்குப் போய் நடந்துவிட்டு வரும். ஒருமுறை ஆலங்குடாவிலிருந்து ஒரு மீனவரும் சேர்ந்துகொண்டார். வெயிலில் கறுத்த முகம், றப்பர் செருப்பு. மனிதர் உட்காரவே மாட்டார். நாங்கள் பாணும் சம்பலும் சாப்பிட்டபோதும் எங்களைச் சுற்றி நடந்துகொண்டே இருந்தார்.

தேயிலைச் சரிவில் பனி மூடியதும் "ஓய்!" என்று கூவத் தொடங்கினார். ஒவ்வொருவரும் பதில் குரல் கொடுக்க வேண்டுமாம்.

"இதென்ன கடலா?" என்றேன் எரிச்சலோடு.

"கடல்ல பனிப்புகார் மூடினா நாங்க இப்பிடித்தான் சேர், தோணிக்குத் தோணி கூப்பிடுவம்."

அடுத்த தடவை அவர் கூப்பிட்டபோது நான் வேண்டுமென்றே வாய் திறக்கவில்லை. அவர் கூவிக்கொண்டே, பனியில் என்னைக் காணாமல் தாண்டிச் சரிவில் இறங்கி ஓடினார். வெகுநேரம் கழித்து, முழங்காலில் இரத்தத்தோடு ஏறி வந்து என்னைக் கண்டார்.

"மெய்யாவே கேக்கல்லையா சேர்?"

"இல்ல."

"அப்ப சரி," என்று மூச்சு விட்டார்.

அதன்பின் வேன்வரை என் கையை விடவில்லை. கூப்பிடும்போதெல்லாம் என் காதருகே குனிந்து மறுபடி கூப்பிட்டார். நானும் செவிடனைப் போல உரக்க "ஓம்" என்றேன்.

புத்தளத்திலிருந்து ஆலங்குடா ஒரு மணித்தியாலப் பயணந்தான். அன்று அவர் குரல் கேட்டது என்று சொல்ல நான் இன்னும் போகவில்லை.