மலைக்கு மூன்று, டீச்சருக்கு நான்கு

பத்திரிகையில் எங்களைப் பற்றி வந்தது பத்தொன்பது வரி. தலைப்பை நான் கணக்கில் சேர்க்கவில்லை. முதல் நான்கு வரி சென்னையில் நாங்கள் பாடிய அரங்கத்தைப் பற்றி. அடுத்த மூன்று, எங்களுக்கு முன்னால் பாடிய குழுக்களைப் பற்றி. மிச்சம் பன்னிரண்டும் எங்களுக்கு. அந்தப் பன்னிரண்டில் எட்டு வரி, நாங்கள் பாடாமல் நின்ற நேரத்தைப் பற்றி.

படித்தவுடன் எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல்தான். பதினான்கு பேர் மழையிலும் பனியிலும் பயிற்சி எடுத்து, செஞ்சியிலிருந்து வேனில் இடுப்பு ஒடிய உட்கார்ந்து போய்ப் பாடியிருக்கிறோம். விமர்சகருக்குப் பிடித்துப்போனது நாங்கள் வாயை மூடிக்கொண்டிருந்தது.

கடைசிப் பாட்டில் கடைசி வரிக்கு முன்னால் குழு சட்டென்று நின்றுவிடுகிறது, நடத்துகிற பெண்மணியின் கை மேலேயே நிற்கிறது, அரங்கத்தில் ஒருவரும் அசையவில்லை, பெரிய குழுக்களை நடத்துகிறவர்களுக்கும் இப்படி ஒரு மௌனத்தை வைக்கத் துணிச்சல் வராது என்று எழுதியிருந்தார். எங்களை நடத்துகிற டீச்சரின் பெயரை இரண்டு இடத்தில் போட்டிருந்தார். இரண்டிலும் எழுத்துப்பிழை இல்லை என்பதை நான் சரிபார்த்தேன்.

எங்கள் குழுவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பணம் வாங்கிக்கொண்டு பாடுகிற கிறிஸ்தவப் பாடகர் குழு. திருமணப் பூசை, கோயில் திருவிழா, நினைவு நாள், எதற்குக் கூப்பிட்டாலும் போவோம். பெண் குரலில் சோப்ரானோ ஐந்து, ஆல்டோ மூன்று; ஆண் குரலில் டெனர் மூன்று, அடிக்குரலான பேஸ் மூன்று. பேஸில் மூன்றாவது ஆள் நான். நான் கிறிஸ்தவன் அல்ல. மின்வாரியத்தில் வீடு வீடாக மீட்டர் கணக்கெடுத்து ஓய்வு பெற்றவன். டீச்சர் வீட்டுக்குக் கணக்கெடுக்கப் போனபோது எண்களை உரக்கப் படித்தேன். அந்தக் குரலைக் கேட்டுவிட்டுத்தான் பல வருடம் கழித்து என்னைத் தேடி வந்து சேர்த்துக்கொண்டார். குழுவில் எனக்கு மீட்டரய்யா என்று பெயர்.

டீச்சர் ஒரு பள்ளியில் பாட்டுச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவர். நிரந்தர வேலை. இந்தக் குழுவுக்காக அதை விட்டார். அப்போது ஊரில் பேசாத பேச்சில்லை. கல்யாண வீட்டில் பாடிப் பிழைக்க எம்.ஏ. எதற்கு என்று அவருடைய சொந்த அண்ணனே கேட்டதாகச் சொல்வார்கள். அவர் குழுவை நடத்திக்கொண்டே போனார். ஆனால் ஒவ்வொரு நிகழ்ச்சி முடிந்ததும், இசை தெரிந்த யாராவது ஒருவர் ஒரு வார்த்தை சொல்ல மாட்டாரா என்று அவர் கண் கூட்டத்தில் தேடும். ஆறு வருடம் தேடியது. வந்து கைகுலுக்கியவர்கள் எல்லாம் சாப்பாடு எந்தப் பந்தலில் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அதனால் அந்தப் பத்தொன்பது வரி செல்போனில் வந்து விழுந்த அன்று குழுவின் வாட்ஸாப்பில் ஒரே கும்மாளம். டெனர் பாடுகிற பையன், கடைவீதியில் ரீசார்ஜ் கடை வைத்திருக்கிறவன், கைதட்டும் படமாகவே முப்பதுக்குமேல் போட்டான். என்னைத் தவிரப் பதின்மூன்று பேரும் ஏதாவது எழுதியிருந்தார்கள். டீச்சர் ஒன்றும் எழுதவில்லை.

ஏன் என்று எனக்குத் தெரியும். பதினான்கு பேருக்குமே தெரியும்.

டீச்சர் வீடு திருவண்ணாமலை சாலையில், ஊர் முடிந்து கொஞ்ச தூரத்தில் இருக்கிறது. எதிரே ஒரு மலை. செஞ்சிக் கோட்டை ஏறிய மலைகள் மூன்று. இது அந்த மூன்றில் சேராது. பெயரும் கிடையாது. உருட்டிக் கொட்டியதுபோல் பாறைகள், நடுவில் செங்குத்தாக ஒரு பெரிய பாறை. முன்பெல்லாம் வீட்டுக் கூடத்தில்தான் பயிற்சி. ஒரு கோடையில் கரண்ட் போய்ப் போய் வந்ததால் மொட்டை மாடிக்கு ஏறினோம். அந்த மாடிப்படிக்கு இன்றுவரை கைப்பிடி இல்லை. பத்தொன்பது படி. விழுந்தால் யார் பொறுப்பு என்று நான் பலமுறை கேட்டாயிற்று.

மாடியில் பாடியபோதுதான் அது தெரிந்தது. டீச்சரே மெட்டமைத்த ஒரு துதிப்பாட்டு எங்களிடம் இருக்கிறது. அதில் கடைசி வரிக்கு முந்தைய வரி உச்சத்தில் போய்ச் சட்டென்று நிற்கும். நாங்கள் நிறுத்தியதும் எதிர்ப்பாறை அதே சொல்லைத் திருப்பிப் பாடும். மெல்லிசாக, எங்களைவிடச் சுத்தமாக. அது பாடும்போது நாங்கள் அடுத்த வரியை ஆரம்பித்தால் இரண்டும் மோதும். ஆகவே டீச்சர் கையை மேலேயே வைத்திருப்பார். பாறை முடித்ததும் கை இறங்கும். நாங்கள் கடைசி வரியை எடுப்போம். புதிதாகச் சேர்கிறவர்களுக்கு டீச்சர் சொல்வது ஒன்றுதான்: "மலை பாடட்டும். அது மூத்தது."

இப்படியே நான்கு வருடம். பழக்கம் உடம்பில் ஏறிவிட்டது. சென்னை அரங்கத்தில் சுவரெல்லாம் மெத்தை வைத்துத் தைத்ததுபோல் இருந்தது. நாங்கள் அந்தச் சொல்லைப் பாடி நிறுத்தினோம். டீச்சர் கை மேலே நின்றது. ஒன்றும் திரும்பி வரவில்லை. வருவதற்கு அங்கே மலை இல்லை. அந்தக் கணத்தில் அவர் முகத்தைப் பார்த்தேன். பஸ் வராத நிறுத்தத்தில் நிற்கிற முகம். பிறகு கை இறங்கியது, நாங்கள் முடித்தோம், அரங்கம் எழுந்து நின்றது.

விமர்சனம் வந்த பிறகு நடந்த முதல் பயிற்சிக்கு நான் ஐந்து மணிக்கே போய்விட்டேன். எல்லாரும் வந்ததும் டீச்சர் மாடிக் கதவைப் பூட்டி, சாவியைக் கீபோர்டு மேல் வைத்தார்.

"இனிமே கூடத்துலயே பாடலாம்," என்றார். "ஃபேன் ஓடுது இல்ல."

"மாடியில காத்து நல்லா இருக்குதே டீச்சர்," என்றான் டெனர் பையன்.

"அந்தக் கடைசிப் பாட்டும் வேணாம். லிஸ்ட்லேர்ந்து எடுத்துடுங்க."

டெனர்தான் மறுபடி வாயைக் கொடுத்தான். "இன்னா டீச்சர், பேப்பர்ல வந்த பாட்டையே எடுக்கச் சொல்றீங்க. ஊரே அதத்தான் கேக்குது. அனந்தபுரத்துக் கல்யாணப் பார்ட்டி நேத்து என் கடைக்கே வந்துட்டாரு, அந்த நடுவுல கேப் உட்டுப் பாடுவாங்களே, அது வேணும்னு. கேப்புக்குத் தனியா ரேட்டான்னு வேற கேக்குறாரு."

பெண்கள் பக்கம் சிரிப்பு. டீச்சர் சிரிக்கவில்லை.

"ஆறு வருஷமா எத்தனையோ யோசிச்சு யோசிச்சு வச்சிருக்கேன் அந்தப் பாட்டுல," என்றார். "ஆல்டோவை எங்க ஏத்தணும், பேஸை எங்க விடணும்னு. அதுல ஒண்ணு கூட அந்த மனுஷன் காதுல விழல. நான் பேந்தப் பேந்த முழிச்சு நின்னேன் பாருங்க, அது விழுந்திருக்குது. அதுக்குப் பேரு துணிச்சலாம். மலை செஞ்ச வேலைக்கு மாலை எனக்கா?"

உடனே கீபோர்டைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அன்று வேறு பாட்டுகளைக் கூடத்தில் பாடினோம். சரியாகத்தான் பாடினோம். ரேஷன் கடையில் சரக்கு நிறுத்துப் போடுவதுபோல் சரியாக.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். "பாராட்டுன்னு ஒண்ணு வந்தா வாங்கி வச்சுக்கத் தெரியாதா அந்தம்மாவுக்கு?" என்றாள். "உங்களுக்கு ரிட்டையர்மென்ட்ல சால்வை போத்துனாங்களே, நீங்க இன்னா பெருசா செஞ்சீங்கன்னு வாங்கினீங்க?" அவள் கேட்டதில் நியாயம் இருந்தது.

ஆனால் வேறு ஒன்று என்னைக் குடைந்துகொண்டிருந்தது. பாட்டில் நிறுத்தம் வருகிற இடமெல்லாம் நான் மனதுக்குள் எண்ணுவேன். பேஸ் பாடுகிறவனுக்கு அது இல்லாவிட்டால் நுழைய வேண்டிய இடம் தவறிவிடும். சென்னையிலும் எண்ணினேன். அந்த எண் எனக்கு நினைவிருந்தது. மாடியில் எத்தனை என்பதுதான் இப்போது சந்தேகமாகிவிட்டது. நான்கு வருடம் எண்ணியதை எல்லாம் மறுபடி சரிபார்க்காமல் சொல்ல நான் தயாராக இல்லை.

மறுநாள் காலை டீச்சர் வீட்டுக்குப் போனேன். அவர் மார்க்கெட் போயிருந்தார். வேலைக்கார அம்மாவிடம் சாவி கேட்டு, பத்தொன்பது படியும் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறி, மாடியில் நின்று, பாட்டின் தாளத்தை மனதில் ஓடவிட்டு, பலமாக ஒரு கைதட்டு தட்டினேன். ஒன்று, இரண்டு. பாறை திருப்பித் தட்டியது. மூன்றில் அடங்கிவிட்டது. மறுபடி தட்டினேன். சாலையில் லாரி போனதால் அதைத் தள்ளுபடி செய்து, மேலும் மூன்று தடவை தட்டினேன். மறுபடி தட்டினேன்.

"யாருக்கு சார் கைதட்டுறீங்க?"

டீச்சர் காய்கறிப் பையோடு மாடிக் கதவில் நின்றுகொண்டிருந்தார். கீழே சாலையில் பஸ்ஸுக்கு நின்ற இரண்டு பேரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மூணு," என்றேன்.

"இன்னா மூணு?"

"மலைக்கு. நாம நிறுத்துனதுலேர்ந்து அது பாடி முடிக்கிறதுக்கு மூணு எண்ணிக்கை. அஞ்சு தடவை பாத்துட்டேன். மெட்ராஸ்ல நீங்க கையைப் பிடிச்சது ஏழு."

"அங்க நின்னுகிட்டு எண்ணிக்கிட்டா இருந்தீங்க?"

"நான் எப்பவும் எண்ணுவேன்."

அவர் பையைக் கீழே வைத்தார். நான் சொல்ல வந்ததைக் கோர்வையாகச் சொல்ல எனக்கு வரவில்லை. மேடைப் பேச்சு எனக்குப் பழக்கமில்லை. "மூணு வரைக்கும் மலைக்காக நின்னீங்க, சரி. அது பழக்கம். மூணு முடிஞ்சும் அது வரல. உங்க இடத்துல நானா இருந்தா அங்கயே பதறிக் கையை இறக்கியிருப்பேன். நீங்க இறக்கல. நாலு, அஞ்சு, ஆறு, ஏழு. அப்புறம் இறக்கினீங்க. ஏழுல இறக்குங்கன்னு எந்த மலை வந்து சொல்லிச்சு?"

அவர் பாறையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"பயத்துல கை மரத்துப்போச்சு சார்," என்றார்.

"மரத்துப்போன கை தொப்புன்னு விழும். உங்க கை மெதுவா எறங்குச்சு. பதினாலு பேரும் ஒண்ணா எடுத்தோம். நான்கூட கரெக்டா எடுத்தேன்."

"நீங்க வேகமா எண்ணியிருப்பீங்க. வயசாச்சு, படபடப்புல ஏழு வந்திருக்கும்."

இது எனக்குக் கோபத்தை உண்டாக்கியது. முப்பத்து நான்கு வருடம் கணக்கெடுத்தவனிடம் சொல்கிற வார்த்தையா? நான் படி இறங்கத் தொடங்கினேன். "பாத்து எறங்குங்க, கைப்பிடி இல்ல," என்று பின்னாலிருந்து குரல் வந்தது. அதில் சிரிப்பு இருந்ததா என்று திரும்பிப் பார்க்கவில்லை; படியைப் பார்க்க வேண்டியிருந்தது.

அடுத்த பயிற்சியிலும் கூடம்தான். மாடிக் கதவு பூட்டியே இருந்தது. அந்தப் பாட்டைப் பற்றிப் பேச்சே இல்லை. அனந்தபுரத்துத் திருமணத்துக்கு வேனில் போகும்போது டெனர் ஒவ்வொரு பாட்டுத்தாளாகக் கொடுத்துக்கொண்டு வந்தான். கடைசித் தாள் அதுதான்.

"டீச்சர் வைக்கச் சொன்னாங்க," என்றான் மெதுவாக. "ஒண்ணும் கேக்காதீங்க மீட்டரய்யா. கேட்டா எடுத்துடுவாங்க."

நான் கேட்கவில்லை. அதற்குப் பதிலாக வேன் டயரைப் பற்றிக் கவலைப்பட்டேன்.

அனந்தபுரத்துக் கோயில் சின்னது. சுவரில் ஆறு ஃபேன், ஆறும் சத்தம் போடுகிறவை. வெளியே ஜெனரேட்டர். வீடியோக்காரர் பீடம்வரை ஏறி நின்றார். பெண்ணைப் பெற்ற நைனா, மல்லாட்டை என்கிற வேர்க்கடலை போடுகிற விவசாயி, முன்வரிசையில் உட்கார்ந்து, வாங்கிய பொருள் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பவர்போல் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். இங்கே மௌனம் வைப்பதற்கு எந்த வழியும் எனக்குத் தெரியவில்லை.

கடைசிப் பாட்டு வந்தது. உச்சத்தில் போய் நிறுத்தினோம். டீச்சர் கை மேலே நின்றது. ஒன்று. நடுவரிசையில் ஒரு கைக்குழந்தை அழுதுகொண்டிருந்தது. இரண்டு. மூன்று. மலை இருந்தால் இப்போது முடிந்திருக்கும். டீச்சர் கண் எங்கள்மேல் இல்லை. தலையைக் கொஞ்சம் சாய்த்து எதையோ கேட்டுக்கொண்டிருந்தார். முகத்தில் சென்னையில் இருந்த திகைப்பு இல்லை. நான்கு. குழந்தையின் தாய் அதைத் தோளில் சாய்த்துக்கொண்டாள். அழுகை ஒரு விக்கலாகி நின்றது. ஐந்து. கை இறங்கியது.

கடைசி வரியை நாங்கள் அவ்வளவு மெதுவாக என்றைக்கும் பாடியதில்லை. ஃபேன் சத்தத்தைத் தாண்டி அது எப்படிக் கேட்டது என்று எனக்குத் தெரியாது. ஆனால் முன்வரிசை மனிதர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

பந்தியில் டீச்சர் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். இலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டே கேட்டார்.

"எத்தனை சார்?"

"அஞ்சு."

"மூணும் இல்ல, ஏழும் இல்ல."

"குழந்தை நாலுல நின்னுது."

"தெரியும்," என்றார். "அதுக்குத்தான் நின்னேன்."

சாம்பார் வந்தது. பெண்ணின் நைனா வந்து, கேப் நன்றாக இருந்தது, ஆனால் பேப்பரில் போட்டிருந்ததைப் பார்த்து இன்னும் கொஞ்சம் நீளமாக இருக்கும் என்று நினைத்ததாகச் சொல்லிவிட்டுப் போனார். டீச்சர் வாய்விட்டுச் சிரித்தார். அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல் சொன்னார்.

"அந்தப் பேப்பர்ல வந்தது இருக்குது இல்ல, அத எனக்கு அனுப்புங்க. எனக்கு வந்தத அழிச்சிட்டேன்."

சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு வந்து, வேனில் உட்கார்ந்து தேடினேன். எப்படி அனுப்புவது என்று தெரியவில்லை. டெனர் போனை வாங்கி ஒரே தட்டில் அனுப்பிக் கொடுத்தான். முன்சீட்டில் டீச்சரின் போன் ஒலித்தது. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார்.

பத்தொன்பது வரி படிக்க அவ்வளவு நேரம் ஆகாது. வழியில் நாட்டார்மங்கலம் ஊர் தாண்டியும் அவர் நிமிரவில்லை.