பஸஹ் கேட்ட நாள்

தலாக் என்றால் எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பஸஹ் என்ற சொல்லை, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் கடைசியில் எனக்கே அது தேவைப்படும்வரை நான் கேட்டதில்லை. என் புருஷன் பொத்துவிலில் வேறு குடும்பமாகி, பெருநாளுக்குக்கூட வீட்டுப் பக்கம் வருவதில்லை. நான் மருதமுனையில் தறி நெய்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். வாப்பாதான் பள்ளிவாசலில் விசாரித்து வந்து, "பஸஹ் கேட்டு வழக்கு வைக்கலாமாம் மகள்" என்றார்.

கல்முனையில், எங்கள் கலியாண வழக்குகளைத் தீர்க்கிற காதியார் வீட்டு மண்டபத்தில் விசாரணை. பெண்களுக்காகச் சேலையைத் திரையாகக் கட்டியிருந்தார்கள். அதன் பின்னால் நானும், மகனோடு வந்திருந்த என் புருஷனின் தாயான மாமியும். மாமி என் முகத்தைப் பார்க்கவில்லை. திரைக்கு அந்தப் பக்கம் என் புருஷனின் குரல் கேட்டது.

"நான் தலாக் சொல்ல மாட்டன். கிழவியாகுமட்டும் இப்பிடியே கிடக்கட்டும்."

"உன்னட்ட ஆரு தலாக் கேட்ட?" என்றார் காதியார். "இது பஸஹ். அரபுல மூட்டுக் கழர்றதுக்கும் இந்தச் சொல்தான், செய்த உடன்படிக்கையக் கலைக்கிறதுக்கும் இதுதான். தலாக் புருஷன்ட வாயில இரிக்கி. பஸஹ், பொண்டாட்டி கேட்டு, சாட்சி சரியா இருந்தா நான் குடுக்கிறது."

அவர் எனக்குச் செலவுக்குக் கொடுக்கவில்லை என்பதற்குச் சாட்சி இரண்டு பேர் வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். மற்றவர் வரவில்லை; அவரை என் புருஷன் முதல்நாளே மிரட்டியிருந்தது பிறகுதான் தெரிந்தது.

"வேற சாட்சி இரிக்கா?"

வாப்பா இருமினார். எல்லாம் போயிற்று என்றே நினைத்தேன்.

"நான் சொல்றன்," என்றார் மாமி.

அந்தப் பக்கம் அவர் எழுந்த வேகத்தில் கதிரை விழுந்தது. "உம்மா!"

"கத்தாத. நீ என்ட புள்ளதான். ஆனா இந்தப் புள்ளைக்கு நீ ஒரு பிடி அரிசி குடுக்கல்ல, ஒரு புடவை எடுத்துக் குடுக்கல்ல. அல்லாஹ்வ முன்னுக்கு வச்சுக் கேட்டா நான் வேற என்னத்தக் கதைக்க?"

காதியாரும் தீர்ப்புக்கு உதவியாகக் கூட இருந்த மூன்று பெரியவர்களும் தாழ்ந்த குரலில் பேசினார்கள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மாமியின் முழங்கை என் மேல் பட்டது.

பஸஹ் கிடைத்தது. என் புருஷனாயிருந்தவர் தன் உம்மாவை விட்டுவிட்டுத் தனியே பொத்துவில் பஸ்ஸில் ஏறிப் போனார். வாப்பா, "வண்டியில ஏறுங்க" என்று மாமியை அழைத்தார். மகன் மாமியோடு மீண்டும் பேச இரண்டு வருடமானது.