வைவாவுக்குச் சொன்ன பொலி

பல்கலைக்கழகம் மூடிக் கிடந்த கொரோனா காலத்தில்தான் என் கணினி விஞ்ஞானப் பட்டத்தின் கடைசி வைவா, அதாவது வாய்மொழிப் பரீட்சை, ஒன்லைனில் வந்தது. பலாங்கொடைக்கு மேலே இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் சிக்னல் நாங்கள் குடியிருக்கும் லயத்து வீடுகள் பக்கம் எட்டிப் பார்க்காது. மேல் மலையில் ஒரு பாறைக்குப் பக்கத்தில் மட்டும்தான் கிடைக்கும். பாறைமேல் சாக்கை விரித்து, லெப்டொப்பை மடியில் வைத்து, ஒரு கையால் குடையைப் பிடித்துக்கொண்டு பட்டதாரி ஆகப் பார்த்தவள் நான்.

செய்திருந்தது சின்ன புரொகிராம். டவுனிலிருந்து தோட்டத்துக்கு ஏறும் பஸ் எங்கே வருகிறது என்று காட்டும். கொண்டக்டரின் ஃபோன் இடத்தை அனுப்ப, வரைபடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி நகரும். வராத பஸ்ஸுக்காகச் சந்தியில் காய்ந்து வளர்ந்தவள் வேறு எதைச் செய்வாள்? அந்தப் புள்ளி விரிவுரையாளர்களின் கண் முன்னே நகர வேண்டும். இல்லாவிட்டால் இன்னொரு வருடம் படிக்க வேண்டும். வீட்டில் யாருக்கும் அதற்குத் தெம்பில்லை.

அன்றைக்கென்று பார்த்து அம்மாவுக்கும் அவரோடு கொழுந்து எடுக்கும் பெண்களுக்கும் அதே மலையில், பாறைக்குப் பக்கத்திலேயே வேலை. அம்மா முந்தின நாளே எல்லோரிடமும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

"புள்ள பரீட்ச முடியிற வரைக்கும் ஒருத்தியும் வாயத் தொறக்கப்படாது."

பொழுதுக்கும் கத்தும் கங்காணிகூட வாயில் விரலை வைத்துக்கொண்டு நின்றார்.

எங்கள் மலைகளில் முதல் பிடிக் கொழுந்தைக் கூடையில் போடும்போது ஒருத்தி "பொலி" என்பாள். மற்றவர்கள் "பொலியோ பொலி" என்று சேர்ந்து சொல்ல வேண்டும். அன்றைக்குக் கூடை நிறைய வேண்டும் என்ற வேண்டுதல் அது. பதில் சொல்லாமல் விட்டால் ஆகாது. பொலி சொல்லாமல் அம்மா கொழுந்தில் கை வைத்து நான் பார்த்ததே இல்லை. அன்று சத்தமே இல்லாமல் முதல் பிடியைப் போட்டார். குடைக்கடியிலிருந்து அதைப் பார்த்தேன்.

திரையில் மூன்று விரிவுரையாளர்களும் வந்ததும் புரொகிராமை ஓடவிட்டேன். புள்ளி பஸ் ஸ்டாண்டிலேயே நின்றது. நின்றுகொண்டே இருந்தது.

"ஹிரவெலாத?" சிக்கிக்கொண்டதா என்று மூத்த விரிவுரையாளர் சிங்களத்தில் கேட்டார்.

பஸ்தான் இன்னும் கிளம்பவில்லை என்றேன். சொன்ன எனக்கே நம்பிக்கை இல்லை. என்னை அறியாமல் வாயில் வந்துவிட்டது. "பொலி... பொலி..."

மெதுவாகத்தான் சொன்னேன். ஆனால் பழகிய காதுகள் சும்மா இருக்குமா? மலை முழுக்க ஒரே குரலாக எழுந்தது.

"பொலியோ பொலி!"

மைக் திறந்திருந்தது. திரையில் மூன்று முகங்களும் திடுக்கிட்டன. யார் அது என்று கேட்டார்கள். "அம்மா, சேர்" என்றேன். எதற்காகச் சொல்வார்கள் என்பதையும் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். அந்தப் பக்கம் அம்மா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு, கண் கலங்க நின்றார். அவரை அப்போதே ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

பேசிக்கொண்டிருக்கும்போதே புள்ளி நகர்ந்தது. டிரைவர் பிளேன்டீயை நிதானமாகக் குடித்து முடித்திருக்கிறார், அவ்வளவுதான். அது வளைவு வளைவாக ஏறுவதை மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு கேள்விகள் வந்தன. கடைசியில் மூத்தவர் சிரித்துக்கொண்டே, "அம்மாட கியன்ன, ஹொந்தய் கியலா" என்றார். நன்றாக இருந்ததென்று அம்மாவிடம் சொல்லச் சொன்னார்.

லெப்டொப்பை மூடிவிட்டு ஓடினேன். அம்மா கூடையோடு அதே இடத்தில் நின்றார்.

"கெட்டுப்போச்சா, புள்ள?"

"இல்லம்மா. நல்லா இருந்திச்சுன்னு ஒங்ககிட்ட சொல்லச் சொன்னாங்க."

அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு பெண்கள் பக்கம் திரும்பினார்.

"அப்ப வாங்கடி, இனி கூடைக்குச் சொல்லுவோம்."