முதுகு முதுகாக இரண்டு வாசர்

மதியம் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயரும்போது சில நாள் எனக்கு ஒரு சத்தம் கேட்கும். பக்கெட்டுத் தண்ணீருக்குள் குழாயின் மூக்கை நுழைத்துக் கைப்பிடியை மெதுவாகப் பின்னால் இழுக்கும்போது வருகிற ‘க்ளுக்’ என்ற சத்தம். அரைத் தூக்கத்தில் அந்தத் தண்ணீர் மஞ்சளாக இருப்பதும் தெரியும். அதில் வேப்பிலை மிதக்கும். துறைமுகத்துக்குப் போகிற வரிசையில் எங்கோ ஒரு கன்டெய்னர் லாரி நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டிருக்கும். கடற்காற்றும் தொழிற்சாலை வாடையும் ஒன்றாக ஜன்னலுக்குள் வரும். இன்னும் ஒரு நொடியில் அந்தத் தண்ணீர்த் துப்பாக்கி என் பக்கம் திரும்பப்போகிறது என்று அசையாமல் படுத்திருப்பேன். பெரும்பாலும் அதற்குள் விழிப்பு வந்துவிடும்.

அந்தத் தண்ணீர்த் துப்பாக்கிகளைச் செய்தவர் என் நாத்தனார். என் வீட்டுக்காரருக்கு மூத்தவர், அதனால் எனக்கு அண்ணி. சாத்தாங்காட்டு இரும்புச் சந்தையைத் தாண்டி ஒரு சின்ன ரப்பர் பட்டறையில் அவருக்கு வேலை. கைப்பம்புகளுக்கும் மோட்டார்களுக்கும் போடுகிற வாசர்களை அங்கே அச்சில் வார்த்து எடுப்பார்கள். ஓரத்துப் பிசிறை நறுக்குவது அண்ணியின் பொறுப்பு. உதவாது என்று ஒதுக்கிய வாசர்களை மேஸ்திரியிடம் சொல்லிவிட்டு டிபன் பாக்ஸில் போட்டுக் கொண்டுவருவார். நான் அந்த வீட்டுக்கு வந்த புதிதில் தயிர் சாதம்கூட லேசாக ரப்பர் வாசனை அடிக்கும். பிறகு பழகிவிட்டது. இப்போது அந்த வாசனை இல்லாத டிபன் பாக்ஸைத் திறந்தால்தான் ஏதோ குறைகிற மாதிரி இருக்கிறது.

துப்பாக்கி என்றால் கடையில் தொங்குகிற பச்சை மஞ்சள் பிளாஸ்டிக் சமாச்சாரம் இல்லை. கை நீளத்துக்கு ஒரு பிவிசி குழாய். முன்பக்கம் ஒரு மூடி, அதில் பழுக்கக் காய்ச்சிய ஆணியால் போட்ட ஒற்றை ஓட்டை. உள்ளே போய்வர ஒல்லியாக இன்னொரு குழாய், அதன் நுனியில் கிண்ணம் மாதிரி குழிந்த வாசர். ஒல்லிக் குழாய் கழன்று வந்துவிடாமல் பின்பக்கமும் ஒரு மூடி. இழுத்தால் தண்ணீர் ஏறும், தள்ளினால் பாயும். கேட்க இவ்வளவுதான். ஆனால் அண்ணி ஒவ்வொன்றையும் ஆளுக்குத் தகுந்த மாதிரி செய்வார். குண்டு விரல்காரருக்கு அகலக் கைப்பிடி, மாடியிலிருந்து அடிப்பவருக்குக் குறுகின ஓட்டை, பக்கெட்டுக்கு ஓடி ஓடி அலுத்தவருக்கு மேலே குளிர்பானப் பாட்டில் கவிழ்த்த ரகம். அண்ணியின் துப்பாக்கி இந்த வரிசை மாடியிலிருந்து எதிர் வரிசை மாடியைத் தொடும். அப்படித் தொட்டுவிட்டதற்காகச் சண்டைகளும் வந்திருக்கின்றன.

ஆடி மாதம் பிறந்தால் ரிப்பேருக்கு ஆட்கள் வர ஆரம்பிப்பார்கள். சின்னப் பிள்ளைகள் மட்டும் இல்லை, மீசை நரைத்த ஆட்டோக்காரர்கள், குழந்தையை இடுப்பில் வைத்த பெண்கள் எல்லாரும். போன வருடத்து மஞ்சள் திப்பி ஓட்டையில் கல்லாக இறுகியிருக்கும், வாசர் வறண்டு சுருங்கியிருக்கும். அண்ணி வாசற்படியில் உட்கார்ந்து, மெழுகுவர்த்தி, ஆணி, குறடு சகிதம் ஒவ்வொன்றாகப் பிரிப்பார். தெரு விளக்கு எரியத் தொடங்கும் அந்த நேரத்தில், குழாய்களும் மூடிகளும் அவரைச் சுற்றிக் கிடக்க, வாயில் திருகாணியைக் கவ்விக்கொண்டு அவர் தலை குனிந்திருக்கும் காட்சி எனக்குப் பிடிக்கும். அடுப்பில் பால் பொங்குவதுகூடத் தெரியாமல் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

எங்கள் தெரு அம்மன் கோயிலில் கூழ் வார்த்த மறுநாள் மஞ்சள் தண்ணீர் விளையாட்டு. அதற்குத்தான் இத்தனையும். யார் மேல் வேண்டுமானாலும் ஊற்றலாம் என்று நினைத்துவிடக் கூடாது. முறை இருக்கிறது. மாமன் மகள், அத்தை மகன், அண்ணன் மனைவி, தம்பி மனைவி, இப்படிக் கேலி பேசும் உரிமை உள்ளவர்கள்தான் ஒருவர் மேல் ஒருவர் ஊற்றிக்கொள்ளலாம். வேறு வீட்டிலிருந்து வந்த மருமகளை முதலில் புகுந்த வீட்டு ஆள் நனைக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் தெரு நனைக்கும். அன்று சாயங்காலம் மஞ்சளாக வீடு திரும்புகிறவள் அந்தத் தெருப் பெண். காய்ந்த புடவையோடு திரும்புகிறவள் விருந்தாளி.

நான் காய்ந்துதான் இருந்தேன். என் அப்பா தெற்கேயிருந்து வந்து வண்ணாரப்பேட்டையில் துணிக்கடை வைத்தவர். கடைக்கு ஏசி ரிப்பேர் செய்ய வந்தவரை நான் கட்டிக்கொண்டதில் அந்த வீட்டுக் கதவு எனக்குச் சாத்தப்பட்டது. திருவொற்றியூரில் அவர் வீட்டுக் கதவு திறந்தது, ஆனால் பாதிதான். மாமியார் நான் வருவதற்கு முன்பே காலமாகிவிட்டார். போகும்முன் தன் தம்பி மகளைத்தான் மகனுக்கு முடிக்க வேண்டும் என்று மாமனாரிடம் வாக்கு வாங்கியிருந்தாராம். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்ற மனிதர், வாக்கு தவறிப் பழக்கமில்லாதவர். என்னிடம் அவர் கோபமாக ஒரு வார்த்தை பேசியதில்லை. நேராகவும் ஒரு வார்த்தை பேசியதில்லை. “அந்தப் பொண்ணு துன்னுச்சா?” என்று அண்ணியைக் கேட்பார். எனக்குக் காய்ச்சல் என்றால் மாத்திரை வாங்கிவந்து, “அந்தப் பொண்ணுக்குக் குடு” என்று மேசையில் வைப்பார். அக்கறைக்குக் குறைவில்லை. மருமகள் என்ற சொல்லை மட்டும் மனைவிக்குக் கொடுத்த வாக்குக்காக எடுத்து வைத்திருந்தார்.

நான் வந்த முதல் ஆடி, ஊரே தண்ணீருக்குத் தவித்த வருடம். லாரித் தண்ணீர் வந்த அன்றுதான் குளியல். ஆனாலும் அம்மனுக்குச் செய்வதை விட முடியுமா? வீட்டுக்கு ஒரு குடம் என்று கோயிலில் முடிவு செய்தார்கள். எதிர் வீட்டுக்குப் புதிதாக வந்தவளை அந்த ஒரு குடத்திலும் பாதியை ஊற்றி நனைத்தார்கள். தலையிலிருந்து சொட்டச் சொட்ட அவள் சிரித்துக்கொண்டு நின்றதை நான் எங்கள் வாசலில் நின்று பார்த்தேன். பொறாமையாக இருந்தது. ஊரில் பாதிப் பேர் குடிக்கத் தண்ணீருக்கு ஏங்கிய நாளில், என் மேல் ஒரு சொம்பு கொட்டமாட்டார்களா என்று நான் ஏங்கினேன். சொன்னால் சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை.

என் வீட்டுக்காரருக்குப் புரிந்துவிட்டது. கொல்லைப்புறத்தில் ஒரு சொம்போடு வந்தார். “புருசங்காரன் ஊத்துறதெல்லாம் கணக்குல சேராதுடா” என்று அண்ணி அவரை விரட்டிவிட்டார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார். “இன்னாமே வண்ணாரப்பேட்ட, மூஞ்சிய தூக்கிக்கினு கீற? எங்க நைனா வாயால ஒரு தபா உன்ன மருமவன்னு சொல்லட்டும். அப்பால பாரு, உன்ன எப்டி நனைக்கிறேன்னு.” அவர் எப்போதும் என்னை வண்ணாரப்பேட்டை என்றுதான் கூப்பிடுவார். அன்று அது கொஞ்சம் சுட்டது.

அடுத்த இரண்டு ஆடியும் கொரோனாவில் போயின. பூசாரி மட்டும் கோயிலைத் திறந்து விளக்கேற்றிவிட்டுப் பூட்டினார். பட்டறையும் பல மாதம் மூடிக் கிடந்தது. அந்த நீண்ட மதியங்களில் அண்ணி பேன் காற்றில் உட்கார்ந்து, யாரும் கேட்காத துப்பாக்கிகளைச் செய்துகொண்டிருந்தார். லாரிகள் ஓயாத தெருவில் முதல்முறையாகக் காக்காயின் காலடி கேட்டது. எல்லாம் தண்ணீருக்கு அடியில் நடப்பது மாதிரி மெதுவாக இருந்தது. அந்தக் காலத்தில்தான் அவர் ஒரு தொல்லையைத் தீர்த்தார். வாசரின் கிண்ணம் பின்பக்கம் பார்த்தால் தண்ணீர் நன்றாக ஏறும், தள்ளும்போது ஒழுகும். முன்பக்கம் பார்த்தால் நன்றாகத் தள்ளும், ஏறும்போது காற்று புகும். அண்ணி ஒன்றுக்கு இரண்டாகப் போட்டுப் பார்த்தார். தண்ணீர் எதிர் வரிசை மாடியையும் தாண்டி அடுத்த தெருவில் விழுந்தது.

“ரெண்டும் முதுகு முதுகா ஒக்காரணும்மே” என்றார் சந்தோஷத்தில். “சண்ட போட்டுக்கின மாமியா மருமவ மாதிரி. ஒண்ணு அந்தாண்ட பாக்கணும், ஒண்ணு இந்தாண்ட பாக்கணும். அப்பதான் வூடு ஒழுகாது.”

அதை நான் தொழில் பேச்சாக எடுத்துக்கொள்ளவில்லை. எனக்குத்தான் இந்தக் குத்தல் என்று நினைத்தேன். அவர் என்னைக் கிண்டல் செய்யாத நாள் இருந்தால்தானே? முகத்தைத் திருப்பிக்கொண்டு துணி மடிக்கப் போய்விட்டேன்.

மறுபடியும் கோயில் திறந்து, பந்தல் போட்டு, கூழ் வார்த்த வருடம் வந்தது. மெட்ரோ ரயில் ஓட ஆரம்பித்திருந்தது. மாமனார் இன்னும் “அந்தப் பொண்ணு”வில்தான் இருந்தார். எனக்குப் பொறுமை போய்விட்டது. அண்ணி என் மேல் ஊற்றத்தானே தடை, நான் அவர் மேல் ஊற்ற என்ன தடை என்று ஒரு சட்டம் கண்டுபிடித்தேன். நான் ஊற்றினால் அவர் திருப்பி ஊற்றித்தானே ஆக வேண்டும்? ரிப்பேர் கோணியில் கேட்பாரற்றுக் கிடந்த ஒரு பழைய துப்பாக்கியை எடுத்தேன். அண்ணி கோயிலுக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்துத் தேய்ந்த வாசர்களைக் கழற்றிப் புதிதாக இரண்டு போட்டேன். சண்டைக்காரிகள் மாதிரி எதற்கு என்று, இரண்டும் ஒற்றுமையாக ஒரே பக்கம் பார்க்கும்படி வைத்து இறுக்கினேன். அந்தப் பக்கம், என் அதிர்ஷ்டம், பின்பக்கம். பக்கெட்டில் இழுத்துப் பார்த்தேன். அருமையாக ஏறியது. தள்ளிப் பார்க்கத் தோன்றவில்லை.

தெரு முழுக்க மஞ்சளாக ஓடிக்கொண்டிருந்தது. வெயிலும் மஞ்சள், சுவரும் மஞ்சள், நாய்க்குட்டியும் மஞ்சள். மாமனார் வழக்கம்போல வெள்ளை வேட்டி சட்டையில் எங்கள் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மாமியார் போன பிறகு அவர் மேல் ஊற்ற யாரும் வருவதில்லை, அவரும் எதிர்பார்ப்பதில்லை. நான் அவருக்கு முதுகு காட்டி நாலடி முன்னால் நின்றேன். தெருவின் நடுவில் இருந்த அண்ணியைப் பார்த்து, “அண்ணி!” என்று கத்தினேன். அவர் திரும்பினார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு முழுப் பலத்தோடு தள்ளினேன்.

முன்னால் இரண்டு சொட்டு விழுந்தது. மஞ்சள் திப்பி ஓட்டையை அடைத்திருக்க வேண்டும். மிச்சத் தண்ணீர் முழுவதும் இரண்டு வாசரையும் தாண்டிப் பின்மூடி வழியாகச் சீறியது. கொஞ்சம் என் தோளில் பட்டது. பெரும்பகுதி தோளுக்கு மேலே போய், பின்னால் உட்கார்ந்திருந்த மாமனாரின் முகத்திலும் நெஞ்சிலும் விழுந்தது.

எங்கள் தெருவில் மருமகள் மாமனார் மேல் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவது கனவிலும் நடக்காத காரியம். அவர் எதிரே கால் நீட்டி உட்காரக்கூட மாட்டார்கள். ஆட்டம் அப்படியே நின்றது. மாமனார் கண்ணை மூடியபடி இருந்தார். சட்டைப் பையிலிருந்து மஞ்சள் சொட்டியது. எதிர் வீட்டு இட்லிக்கடை அக்கா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு முன்னால் வந்தார். “யாருமே அது, பெரியவரு மேல ஊத்தினது? முற தெரியாத ஆளு யாரு?”

எல்லாரும் என் கையிலிருந்த துப்பாக்கியைப் பார்த்தார்கள். அண்ணிகூட. அந்த வீட்டில் அத்தனை வருடம் இருந்தும், அந்த ஒரு கணம் நான் பஸ் மாறி வந்து இறங்கியவள் போல நின்றேன். பைக்குள் துணியை அடைத்துக்கொண்டு எங்கே போவது என்றுகூட யோசித்துவிட்டேன்.

மாமனார் வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்தார். மெதுவாக எழுந்தார்.

“எம் மருமவதான் ஊத்துச்சு” என்றார். “அதுக்கு இன்னா இப்போ?”

இட்லிக்கடை அக்கா இடுப்பிலிருந்து கையை எடுத்தார். மாமனார் ஈரச் சட்டையோடு திரும்ப உட்கார்ந்து, நெஞ்சை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார். பல வருடத்துக்குப் பிறகு அவர் மேல் மஞ்சள் பட்டிருந்தது. எனக்கு வயிறு குளிர்ந்துபோனது. காரணம் கேட்டால் அந்த ஒரு சொல்தான்.

இப்போது அவர் அந்தச் சொல்லைக் கஞ்சத்தனமில்லாமல் செலவழிக்கிறார். மோட்டாரை நிறுத்த, கண்ணாடியைத் தேட, செல்போனில் எழுத்தைப் பெரிதாக்க என்று விடிந்தது முதல் “மருமவளே” தான். சில நாள் அலுப்பில், அந்தப் பொண்ணாகவே இருந்திருக்கலாம் என்றுகூட முணுமுணுக்கிறேன். அண்ணிக்குத் தாமதமாகத்தான் கல்யாணம் கூடியது. மாப்பிள்ளைக்கு அனல் மின் நிலையத்தில் வேலை, வள்ளூரில் வீடு. ஒவ்வொரு ஆடிக்கும் ஒரு கட்டைப்பை நிறையத் துப்பாக்கிகளோடு பஸ்ஸில் வந்து இறங்குகிறார். கண்டக்டர் ஒருமுறை இதெல்லாம் என்ன என்று பயந்து கேட்டாராம். அங்கேயும் தெருவில் ரிப்பேருக்கு ஆள் சேர்ந்துவிட்டது என்று போனில் அலுத்துக்கொள்கிறார். குரலில் அலுப்பு இருப்பதில்லை.

அன்று அந்தச் சொல் அண்ணியின் காதில் விழுந்ததும் என்ன செய்தார் என்று சொல்ல வேண்டும். பக்கெட்டில் துப்பாக்கியின் மூக்கை நுழைத்து மெதுவாக இழுத்தார். தெரு முழுக்க அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. என் எதிரே வந்து நின்று உச்சியில் தொடங்கிக் கால்வரை நிதானமாக நனைத்தார். மறுபடி இழுத்தார், மறுபடி நனைத்தார். புடவை கனத்தது. மஞ்சள் கண்ணில் இறங்கி, தெரு, கோயில், மனிதர்கள் எல்லாம் கலங்கி ஒரே நிறமாகத் தெரிந்தன. மற்றவர்கள் குடங்களோடு நெருங்க, அண்ணி கையை நீட்டி அவர்களை நிறுத்தினார்.

“குளிருதாமே?” என்று கேட்டார்.

“இல்ல அண்ணி.”

“அப்போ இன்னும் கொஞ்சம் நில்லு. மூணு வருசத்து பாக்கி கீது.”