எட்டு வீட்டுக் காப்பி

லண்டனில் கதவைத் தட்டினால் கேள்விக்குப் பதில் வாசலிலேயே கிடைத்துவிடும். ஒரு தர்ம ஸ்தாபனம் ஏழைகளுக்கு நடத்தும் திட்டங்களால் பலன் உண்டா என்று வீடு வீடாக விசாரித்து எழுதுவது என் உத்தியோகம். வந்த புதிதில், பதிலெல்லாம் வாங்கிய பிறகும் ஒரு அம்மாள் வீட்டு வாசலில் நின்றுகொண்டே இருந்தேன். "இன்னும் ஏதாவது கேட்க வேண்டுமா?" என்றார். "இல்லை" என்றேன். "உடம்புக்கு ஏதாவது?" என்றார். 'உள்ளே வாங்க' என்ற ஒரு வார்த்தைக்காக நிற்கிறேன் என்று எப்படிச் சொல்வது! மழையில் நனைந்து திரும்பினேன். அன்று வந்த கோபம் இருக்கிறதே, அப்பப்பா! இப்போது அந்த வாசல்கள்மேல் மரியாதையே வந்துவிட்டது. காரணம், நான் லண்டனுக்கு வருமுன் நடந்த ஒன்று; அது முழுதாக உறைக்கத்தான் நாளாயிற்று.

சுதந்திரம் வந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் இருக்கும். இதே ஸ்தாபனத்தின் சென்னை அலுவலகம் என்னைக் கொடைக்கானலுக்கு அனுப்பியது. அதற்கும் மேலே, பூண்டு விளையும் ஒரு மலையூரில் குழந்தைகளுக்கு வாராவாரம் பால்பவுடர் கொடுத்து வந்தார்கள். தொடர்வதா, நிறுத்துவதா என்று நான் சொல்ல வேண்டும். எட்டு வீடு ஏறினேன். எட்டிலும் பால்காப்பி. "பிள்ளைகளுக்குப் பால் போதுமா?" என்று பேச்சியம்மாள் என்ற பூண்டு விவசாயியிடம் கேட்டேன். "அதெல்லாம் ஒரு கொறையும் இல்லீங்க. மொதல்ல காப்பியக் குடிங்க, ஆறிரும்" என்றாள். மதுரைக்காரன் நான், குளிருக்கு இதமாகக் குடித்துவிட்டு, 'பாலுக்குப் பஞ்சமில்லை, திட்டத்தை வேறு ஊருக்கு மாற்றலாம்' என்று எழுதினேன். அறிக்கை கச்சிதம் என்று மெச்சி லண்டனுக்கு மாற்றல் கொடுத்தார்கள்.

கப்பலேறுமுன் விடைபெறக் கொடைக்கானல் போய், அந்த மலையூர்ப் பூண்டை வாங்கி பஜாரில் வியாபாரம் செய்யும், எனக்குப் பழக்கமான காசிம் பாயிடம் இதைப் பெருமையாகச் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது.

"என்ன சார் இப்படிப் பண்ணிட்டீங்க? அந்த ஊர்ல கறவை மாடு ஏது? பிள்ளைக பவுடரத்தான் ஒங்களுக்குக் கலக்கிக் குடுத்திருக்காங்க. வந்த மனுசனுக்குக் கடுங்காப்பியா குடுப்பாங்க?"

மறுநாள் வெள்ளனே மலையேறினேன். பால் கொடுக்கும் கொட்டகை பூட்டிக் கிடந்தது. பேச்சியம்மாளின் சின்னவள் அவள் தோளில் துவண்டு சாய்ந்திருந்தாள். "ஏம்மா, வாயைத் திறந்து சொல்லக் கூடாதா?" என்று கத்திவிட்டேன். தப்புச் செய்தவன் நான், கத்தியதும் நான். வெட்கக்கேடு.

"வெள்ளக்காரரு வந்திருந்தா வாய்விட்டுச் சொல்லிருப்போங்க. நீங்க நம்மாளு. பாத்தாத் தெரியாதான்னு இருந்துட்டோம்" என்றாள். துளிக் கோபமில்லை. திட்டியிருந்தால் தேவலை.

தவறு என்னுடையது என்று சென்னைக்கு எழுதினேன். கோப்பு முடிந்துவிட்டது என்று பதில் வந்தது. நானும் கப்பலேறிவிட்டேன். ஏறியிருக்கக் கூடாது.

போன வாரம் அதே மலைப்பகுதிக்கு இன்னொரு திட்டம் என் மேசைக்கு வந்தது. "உங்கள் மக்கள்தானே, இங்கிருந்தே எழுதிவிடுங்கள்" என்றார் மேலதிகாரி. முதல் வரியில் 'எனக்குத் தெரியாது' என்று எழுதினேன். அடுத்த வரி இன்னும் வரவில்லை. எழுந்து நடக்கிறேன், உட்காருகிறேன், மறுபடி நடக்கிறேன். கடைசிப் பக்கத்தில் நான் கையெழுத்திட வேண்டிய இடத்துக்குக் கீழே, 'அப்பகுதி மக்களை நன்கு அறிந்தவர்' என்று ஏற்கெனவே தட்டச்சு செய்து வைத்திருக்கிறார்கள்.