நிக்க வெச்சுத் திட்டு

இப்போதெல்லாம் மருமகளின் போன் ‘டிங்’ என்றாலே செய்கிற வேலையைப் போட்டுவிட்டு ஓடுகிறேன். எங்கள் கருவாட்டை விற்க அவள் வெப்சைட் போட்டிருக்கிறாள். அதில் மேலே என் படம், கீழே பெரிய எழுத்தில் என் வாய்ச்சொல்.

முதலில் அவள்தான் எழுதினாள், ‘தரமானது, சுகாதாரமானது’ என்று. ஒருவரும் வாங்கவில்லை. “ஆஸ்பத்திரி போர்டு மாதிரி இருக்குதுடி” என்றேன். “அப்ப நீங்களே சொல்லுங்க அத்த. கூடையில வித்தப்ப எப்பிடிக் கூவுவீங்க?” என்றாள். கையெழுத்துப் போடவே மூச்சு வாங்குகிற நான் எழுத்துக்காரி ஆனது அப்படித்தான். இதையும் நான் சொல்லச் சொல்ல அவள்தான் தட்டுகிறாள். சிரிக்கிறாள், சிரிக்கட்டும்.

கூவுவது என்றதும் எனக்கு நெத்திலி வாசம் வந்துவிடும். கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற பஸ்ஸில் கடைசி சீட்டு என்னுடையது. எவ்வளவு கூட்டமானாலும் என் கூடைக்குப் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். மகாராணி மாதிரிப் போவேன். இறங்கித் தெருவில் நுழைந்ததும் குரல் தானாக எழும்பும்: “நெத்திலியே, வாளையே! கொழம்பு கொதிச்சா பக்கத்து வூடு எட்டிப் பாக்கும்! நல்லா இல்லன்னா அடுத்த பொதங்கெழம நிக்க வெச்சுத் திட்டு!”

ஒரு புதன்கிழமை, பச்சைக் கதவு வீட்டு அம்மா குழம்புச் சட்டியோடு தெருமுனையிலேயே நின்றிருந்தாள். “ஏய் கருவாட்டுக்காரி, வாடி! ஒனக்காகத்தான் நிக்கிறேன்!”

பக்கத்துச் சந்தில் திரும்பியிருக்கலாம். ஆனால் சொன்ன சொல் என்று ஒன்று இருக்கிறதே. போய் நின்றேன்.

“கருவாடா வித்த? உப்பளத்தையே வித்துட்டுப் போயிருக்க! எங்க வூட்டுக்காரரு தட்டத் தள்ளிட்டு எழுந்துட்டாரு!”

தெருவே வேடிக்கை பார்த்தது. அவள் மூச்சு வாங்க நிறுத்தினபோது மெதுவாகக் கேட்டேன்.

“சுடுதண்ணியில கழுவினியாக்கா?”

அவள் சட்டியைப் பார்த்தாள். “கழுவணுமா?”

எதிர்வீட்டுக்காரி சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. அன்று அந்த அம்மா எனக்கு மோர் கொடுத்து, வாளைக் கருவாடும் வாங்கிக்கொண்டாள்.

அந்தத் தைரியத்தில்தான் மருமகளுக்கு ‘நிக்க வெச்சுத் திட்டு’ என்ற அந்தச் சொல்லைக் கொடுத்தேன். ஆனால் இப்போது வாங்குகிறவர் சேத்தியாத்தோப்பா சிங்கப்பூரா, யார் கண்டது? முகம் தெரிந்தால்தானே யாருக்குக் கழுவச் சொல்லித்தர வேண்டும் என்று தெரியும்.

நேற்று ‘டிங்’. ஐந்து நட்சத்திரம் போட வேண்டிய இடத்தில் ஒற்றை நட்சத்திரம்.

“என்னாடி சொல்றாங்க?”

“ஒண்ணும் சொல்லல அத்த. வெறும் ஸ்டாருதான்.”

“உப்பா, நாத்தமா? கொழந்த எதாச்சும் தின்னு வவுத்துக்கு ஆவலியா?”

“தெரியல அத்த. கீழ பதில் போடலாம். என்னான்னு போட?”

“கழுவினியாம்மான்னு கேளு.”

கேட்டாள். இதுவரை பதில் இல்லை.

பச்சைக் கதவு இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. அந்த அம்மா எந்த ஊருக்குப் போனாளோ. என்னைத் திட்டுவதற்கென்றே தெருமுனையில் காத்து நின்றவர்கள் ஒருவரும் இப்போது இல்லை. ‘டிங்’ என்கிறது போன்.