வில்சன் அண்ணனின் சக்கர வீடும் எங்கள் டயர் கடையும்

டயர் கடைக்கு யாராவது சிரிச்ச முகத்தோட வந்து நீங்க பார்த்திருக்கீங்களா? பொண்ணு பார்க்கக் கிளம்பினவங்க, பரீட்சைக்குக் கிளம்பினவங்க, எல்லாரும் நடுரோட்டுல நின்னுட்டு, வேற வழியே இல்லாமதான் எங்க வாசல்ல வந்து இறங்குவாங்க. இறங்கினதும் எங்களைத்தான் ஒரு முறை முறைப்பாங்க, ரோட்டுல ஆணியைப் போட்டதே நாங்கதான்ங்கிற மாதிரி. வண்டி வச்சிருக்கிற உங்களுக்கு அந்தக் கோபம் தெரியும். அதை வாங்கிக் கட்டிக்கிற எங்க கஷ்டத்தையும் கொஞ்சம் கேளுங்க.

எங்க கடை பெங்களூர் லிங்கராஜபுரத்துல. டயர் எங்க வீட்டுக்காரர் ஆரோக்கியம் பக்கம். பேட்டரி, சோலார் ரெண்டும் என் பக்கம். பேசறதும் என் பக்கம்தான், ஏன்னா அவர் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினா அதுவே பெரிய பிரசங்கம். நான் சொல்லப்போறது ரெண்டாயிரத்து மூணு, நாலு வாக்குல நடந்தது. அப்போ எங்க தெருவுல வில்சன் அண்ணன்னு ஒருத்தர், கவர்ன்மென்ட் ஃபேக்டரி ஆபீஸ்ல முன்கூட்டியே ரிட்டையர்மென்ட் வாங்கிட்டு வந்து, வீட்டு வாசல்ல ஒரு வீடு கட்டினார். சக்கரம் வச்ச வீடு. ரெண்டு சக்கரம், ஒரு கதவு, ரெண்டு ஜன்னல், உள்ளே கட்டில், அடுப்பு. பழைய ஜீப்புக்குப் பின்னாடி மாட்டி இழுத்துட்டுப் போகணும். அவர் அதைக் கேரவன்னு சொல்வார். அவர் சம்சாரம் ரோசலின் அக்கா அதைப் பொட்டின்னு சொல்வாங்க.

வெந்நீர் எந்தப் பக்கம் வரும்?

அக்காவை வேளாங்கண்ணிக்கு அதுலயே கூட்டிட்டுப் போகணும்ங்கிறதுதான் அண்ணனோட ஆசை. அக்கா லேசுல மசியல. ரெண்டு ரூம் வீட்டுல மகன், மருமகள், பேரப்பிள்ளைங்க, மாமியார்னு ஏழு பேருக்கு வடிச்சுக் கொட்டறவங்க, அவங்களுக்கு எங்க நேரம்? கடைசியில என் கடையில வச்சுத்தான் தீர்ப்பு சொன்னாங்க. "ஒரே ஒரு தடவை வர்றேன். வழியில ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா நான் பஸ் ஏறி வந்துடுவேன், உங்க பொட்டி நேரா குஜிரிக்குப் போயிடணும்." குஜிரின்னா எங்க ஊர்ல காயலான் கடை. அண்ணன் மூணு வருஷமா அதுக்குள்ளேயே கிடந்தார், ஒவ்வொரு ஸ்க்ரூவும் அவர் கையால முடுக்கினது. முகம் வெளுத்துப் போச்சு மனுஷனுக்கு. அன்னைக்கே நானும் பயந்துட்டேன், ஏன்னா அதுக்குக் கரண்ட்டு வேலை பண்ணப்போறது நான்தான்.

அக்கா போட்ட இன்னொரு கண்டிஷன், காலையில குளிக்க வெந்நீர் வேணும். "அதுக்குத்தானே சோலார் போடறோம்"னு அண்ணன் வாய் தவறிச் சொல்லிட்டார். முப்பத்தேழு வாட் பேனல் ஒண்ணு, பேட்டரி, ரெண்டு ட்யூப் லைட், ஒரு குட்டி ஃபேன், எல்லாம் மாட்டி முடிச்சு அக்காவைக் கூப்பிட்டேன். அக்கா வண்டியை ஒரு சுத்து சுத்தி வந்தாங்க. குனிஞ்சு பார்த்தாங்க. "பைப் எங்க?"ன்னாங்க. பெங்களூர்க்காரங்களுக்குச் சொல்லவே வேணாம், நம்ம ஊர்ல சோலார்னா மொட்டைமாடியில டேங்க்கோட உட்கார்ந்திருக்கிற வெந்நீர்தான். நான் அரைமணி நேரம் வெளக்கினேன், இது கரண்ட்டு குடுக்கிற சோலார்க்கா, தண்ணி காய்ச்சறது வேற சோலார்க்கான்னு. அக்கா பொறுமையா எல்லாத்தையும் கேட்டுட்டு அண்ணன் பக்கம் திரும்பினாங்க.

"ஒரு குண்டான் தண்ணி காய வைக்கத் துப்பில்ல, இதுக்குப் பேரு சோலாராம்!"

புதுசு, கெட்டுடும்

பத்து நாள் கழிச்சு அண்ணன் ஓடி வந்தார். லைட்டு எரியல, ஃபேன் சுத்தல, பேட்டரி செத்துப்போச்சு, நீ மோசம் பண்ணிட்டே ஸ்டெல்லான்னு ஒரே சத்தம். மீட்டரை எடுத்துட்டுப் போனேன். பேட்டரி நிஜமாவே காலி. மேலே ஏறிப் பார்த்தா, பேனலைக் காணோம். இருந்தது, நீலத் தார்ப்பாய்க்குக் கீழே. நாலு மூலையும் கயிறு போட்டு, கல்யாணச் சீர் மாதிரி கட்டி வச்சிருந்தார். நம்ம ஆளுங்க புது சோஃபாவுக்குப் பிளாஸ்டிக் கவரைக் கழட்டாம உட்கார்ற ஆளுங்கதானே.

சரி, தார்ப்பாயை அவிழ்த்துக் கீழே இறங்கினா, டயர் ரெண்டும் உச்சி வெயில்ல காயுது. எனக்கு வந்ததே கோபம்! "அண்ணே, மேலே இருக்கறதுக்கு வெயில் வேணும், கீழே இருக்கறதுக்கு வெயில் ஆகாது. நீங்க மூட வேண்டியதைத் தெறந்துட்டு, தெறக்க வேண்டியதை மூடியிருக்கீங்க"ன்னு கத்தினேன். அண்ணன் தார்ப்பாயை மடிச்சு அக்குள்ல வச்சுக்கிட்டு ரொம்ப நியாயமாக் கேட்டார்.

"விலை குடுத்து வாங்கின சாமானை வெயில்ல போடுன்னு எந்தக் கடைக்காரியாவது சொல்லுவாளா?"

பொட்டு வச்ச பேனல்

அண்ணனை மட்டும் சொல்லிக் குத்தமில்ல. தொம்மலூர்ல ஆபீஸ்காரங்களுக்கு டிஃபன் போடற முனிரத்தினம்னு ஒருத்தர், அவர் டிஃபன் வண்டி டிரெய்லருக்கும் நான்தான் பேனல் மாட்டினேன். ஆயுத பூஜை முடிஞ்ச மறுநாளே ஃபோன், "மேடம், சார்ஜே ஆக்தா இல்ல"ன்னு. சார்ஜே ஏறலையாம். அவர் பாதித் தமிழ், பாதிக் கன்னடம். போய்ப் பார்த்தேன். பேனல் முழுக்க மூணு பட்டை விபூதி, நடுவுல உள்ளங்கை அகலத்துக்குச் சந்தனம், அதும்மேல குங்குமம், ஓரத்துல செவந்திப்பூ மாலை. பார்க்க லட்சணமாத்தான் இருந்துச்சு. ஆனா ஒரு மூலையில நிழல் விழுந்தாலே சுணங்கிப் போற சாமான் அது, இந்த அலங்காரத்தை எப்படித் தாங்கும்?

ஈரத் துணியால தொடைக்கப் போனேன். மனுஷன் பதறிட்டார், அஞ்சு நாளாவது இருக்கட்டும்னு கெஞ்சினார். ஒரு வழியா மாலையை எடுத்துத் தண்ணி கேனுக்குப் போட்டு, பொட்டை ஃப்ரேமுக்கு எடம் மாத்தினோம். சாயங்காலமே லைட்டு எரிஞ்சது. அதுக்கப்புறமும் அவருக்கு மனசு ஆறல.

"இஞ்சினுக்கு வச்சேன் ஓடுது, கிரைண்டருக்கு வச்சேன் அரைக்குது, இதுக்கு மட்டும் பொட்டு வச்சா கோவமா மேடம்?"

ஓடாத டயருக்கு ஏது வயசு?

இப்போ விஷயத்துக்கு வர்றேன். வேளாங்கண்ணிக்கு நாள் குறிச்சாச்சு. காத்து அடிக்க அண்ணன் வண்டியை இழுத்துட்டு வந்தார். ஆரோக்கியம் டயர்கிட்ட உட்கார்ந்தவர் எந்திரிக்கவே இல்ல. பக்கவாட்டுல விரலால தடவறார், நகத்தை வச்சுக் கீறறார். ரப்பர் பூரா பொடிப் பொடியா வெடிப்பு, வெயில்ல காஞ்ச ஏரி மாதிரி. அதுல இருக்கிற தயாரிச்ச வருஷ நம்பரைப் படிச்சுட்டு, எட்டு வருஷத்து டயர், மாத்தணும்னார். அண்ணனுக்குச் சுர்ருனு ஏறிடுச்சு. யாரோட கோடவுன்லயோ விக்காமக் கெடந்ததைத் தேடிப் பிடிச்சு வாங்கினதாம், ஒரு கிலோமீட்டர் கூட ஓடாததாம், மொட்டையா இருக்கா பாரு, நெளிஞ்சிருக்கா பாருன்னு டயரை எட்டி உதைச்சுக் காட்டினார்.

நான் சொன்னேன், கட்டில், சிலிண்டர், தண்ணி டேங்க்கு எல்லாம் இந்த ரெண்டு டயர் மேலதான் உட்காருது, ஓசூர் ரோட்டுல லாரிங்களுக்கு நடுவுல இது வெடிச்சா வண்டி ஜீப்பையும் சேர்த்துப் புரட்டிடும், இதுக்கு நாங்க காத்து அடிக்க மாட்டோம்னு. "ஓடாத டயருக்கு ஏதும்மா வயசு?"ன்னு அண்ணன் என்னை மடக்கினார். அப்போதான் ஆரோக்கியம் அன்னைக்கு உண்டான பத்து வார்த்தையை மொத்தமாச் செலவு பண்ணார்.

"நீங்களும் ஆபீஸ்ல உட்கார்ந்துதானே இருந்தீங்க அண்ணே, ரிட்டையர் ஆகலையா?"

சாமி மந்திரிச்ச டயர்

அண்ணன் ரோஷக்காரர். விறுவிறுன்னு வேற கடைக்குப் போய்க் காத்தை நிறைய அடிச்சுக்கிட்டார். சனிக்கிழமை காலையில பதினொரு மணிக்கு வண்டியை மந்திரிக்க ஃபாதர் வந்தார். தெருவே கூடியிருந்துச்சு. நான் போகக் கூடாதுன்னுதான் நெனச்சேன், மனசு கேக்கல, போனேன். வெயில் மண்டையைப் பொளந்துச்சு. ஃபாதர் ஜெபம் சொல்லி, கதவுக்குத் தீர்த்தம் தெளிச்சு, ஜன்னலுக்குத் தெளிச்சு, குனிஞ்சு வலது பக்கச் சக்கரத்துக்கு ஒரு தெளி தெளிச்சுட்டு ரெண்டடி பின்னால வந்தார். டமார்!

நெஜமா குண்டுதான் வெடிச்சுதுன்னு நெனச்சோம். வண்டி ஒரு பக்கமாச் சாஞ்சு, உள்ளே பாத்திரமெல்லாம் உருண்டு ஓடுது. நாயெல்லாம் பானஸ்வாடி பக்கம் ஓடிடுச்சு. ஃபாதருக்கு ஒண்ணும் ஆகல, தூக்கின கையை மட்டும் எறக்கவே இல்ல. ரெண்டு நாள் கழிச்சு, அந்த வண்டி ஜீப்புக்குப் பின்னால போறப்போ, ஜீப்புல அக்கா உட்கார்ந்திருக்கிறப்போ இது நடந்திருந்தா? நெனச்சுப் பார்க்கவே முடியல, அழுகையே வந்துடுச்சு. இதோட பொட்டி குஜிரிக்குத்தான்னு அண்ணன் தலையில கை வச்சு உட்கார்ந்துட்டார். எல்லாரும் அக்கா மூஞ்சியையே பார்த்தோம். அக்கா முக்காட்டைச் சரி பண்ணிக்கிட்டு ஃபாதர்கிட்ட போனாங்க.

"சாமி, அந்தப் பக்கத்து டயருக்கும் தெளிச்சுடுங்க, வெடிக்கிறது இங்கேயே வெடிச்சுடட்டும்."

ஜுரம் பார்க்கிற கை

வாசல்ல ஆனது வழியில ஆனதாகாதுன்னு அக்கா பெரிய மனசு பண்ணிட்டாங்க. அண்ணன் தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு வந்து புது டயர் ரெண்டு, ஸ்டெப்னி ஒண்ணு வாங்கினார். நான் ஒரே பாடம்தான் சொல்லி அனுப்பினேன். வண்டி நிக்கிற எடத்துலயெல்லாம் பொறங்கையை டயர்ல வச்சுப் பாருங்க, பிள்ளைக்கு ஜுரம் பார்க்கிற மாதிரி. ஒண்ணு மட்டும் கொதிச்சா காத்து கொறைஞ்சிருக்குன்னு அர்த்தம். அண்ணன் வெடிச் சத்தம் கேட்ட மனுஷனில்லையா, டீக்கடைக்கு டீக்கடை நிறுத்தி ஜுரம் பார்த்திருக்கார். கிருஷ்ணகிரியில இருந்து அக்கா எஸ்.டி.டி. பூத்துல கூப்பிட்டு, பஸ்ஸுல போயிருந்தா இந்நேரம் தேர் பார்த்துட்டுத் திரும்பியே வந்திருப்போம்னு என்னைத் திட்டினாங்க.

மறுநாள் மத்தியானம் திருச்சி தாண்டி மறுபடி ஃபோன். மணி அடிச்சதுமே ஓடிப்போய் எடுத்தேன். அக்காதான் பேசினாங்க. இடது பக்கம் மட்டும் தொட முடியாம சுடுதாம். "யாருக்கா தொட்டுப் பார்த்தது?"ன்னேன். "நான்தான். அவர் கைக்கு என்ன தெரியும்?"னாங்க. ஒரு அடிகூட நகராதீங்க, நிழல்ல நிறுத்தி ஸ்டெப்னி மாத்துங்கன்னு சொன்னேன். கழட்டிப் பார்த்தா உள்ளே ஒரு ஆணியாம். மாத்தி முடிச்சுட்டு அண்ணன் திரும்பக் கூப்பிட்டு, அழாத குறையாப் பேசினார். ஏதாவது ஆனா பஸ்ஸுன்னு சொன்னாளே, இப்போ ஆயிடுச்சே ஸ்டெல்லா, எதிர்லயே பஸ் ஸ்டாண்டு வேற இருக்குதேன்னு. பின்னால இருந்து அக்கா போட்ட சத்தம் எனக்கே நல்லாக் கேட்டுச்சு.

"ஆணி குத்திச்சுன்னு எவளாவது வீட்டை ரோட்டுல விட்டுட்டு பஸ் ஏறுவாளா?"

இறங்க மாட்டேங்கிறா

பன்னெண்டு நாள் கழிச்சு முழுசாத் திரும்பி வந்தாங்க. அப்பாடான்னு மூச்சு விட்டேன். ஒரு வாரம் ஆச்சு, அண்ணன் கடைக்கு வந்து ஸ்டூல்ல உட்கார்ந்தார். முகம் செத்துப் போயிருந்துச்சு. "ஏறவே மாட்டேன்னு நின்னவளை ஏத்திட்டேன். இப்போ இறங்க மாட்டேங்கிறா"ன்னார். வண்டி வீட்டு வாசல்லதான் நிக்குது. அக்கா காலையில வீட்டுக்குள்ள போய் எல்லாருக்கும் சமைச்சு வச்சுட்டு, நாலு மணிக்கு வண்டிக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிறாங்களாம். மறுநாள் காலையிலதான் தெறக்கிறாங்களாம். அந்தப் பேட்டரியை ரெண்டு நாளைக்குக் கழட்டி வச்சுக்க, ஃபேன் ஓடலைன்னாவது வீட்டுக்கு வருவான்னு கெஞ்சினார்.

ஸ்பேனரை எடுத்துட்டு சாயங்காலம் போனேன். அக்கா கட்டில்ல காலை நீட்டி உட்கார்ந்திருந்தாங்க. தலைமாட்டுல குட்டி ஃபேன். மடியில வாரப் பத்திரிகை. தலையைப் பின்னிக்காம விரிச்சு விட்டிருந்தாங்க, அவங்களை அப்படி நான் பார்த்ததே இல்ல. என் கையில இருந்த ஸ்பேனரைப் பார்த்ததுமே புரிஞ்சுக்கிட்டாங்க. கோபப்படல. பக்கத்துல உட்காரச் சொன்னாங்க. உள்ளே வீட்டுல டிவி சத்தம், பிள்ளைங்க சண்டை, மாமியார் கூப்பிடற சத்தம். அக்கா எந்திரிச்சுக் கதவைச் சாத்தினாங்க.

"முப்பத்தோரு வருஷத்துல நான் உள்பக்கமாத் தாழ்ப்பாள் போட்டது பாத்ரூம்ல மட்டும்தான் ஸ்டெல்லா."

பேட்டரியைக் கழட்டினேனான்னு கேட்கறீங்களா, ராத்திரி பூரா ஃபேன் ஓடணுமேன்னு இன்னொரு பேனலையும் சேர்த்து மாட்டி, பில்லை அண்ணன் கையில குடுத்துட்டு வந்தேன்.